விளக்கேந்திய அம்மையாரின் தூங்காத இரவுகள்

 

இந்த மாதம் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் வாழ்க்கையைத் தியானிக்கப் போகிறோம். பள்ளிக்கூடத்துப் பாடப் புத்தகத்தில் கையில் விளக்கோடு நிற்கிற அந்தப் படத்தை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஆனால் அந்த விளக்கை அணைத்த பிறகு, வருஷக்கணக்காக அவர் ஒரு வியாதிக்காரியாகத் தூக்கமில்லாமல் கிடந்தார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கும் தெரியாது. நான் செய்த ஒரு தவறுதான் அதைத் தேடி வாசிக்க வைத்தது. அதை முதலில் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒரு இராத்திரி நடந்த காரியம்

நம் சபை விசுவாசி ஒரு தாயார் சிறுநீரக வியாதியினால் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். இராத்திரி ஒன்பது மணிக்கு நாங்கள் நாலு பேர் ஜெபிக்கப் போனோம். வாசலில் அவர்கள் மகள் நின்றாள். பாஸ்டர் ஐயா, மூணு நாளா அம்மாவுக்குப் பொட்டுத் தூக்கம் இல்ல, காலு இழுக்குது, ஒடம்பெல்லாம் அரிக்குது, இப்பத்தான் கண்ணசந்தாங்க என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பரவாயில்லம்மா, ஜெபம் பண்ணிட்டுப் போயிடறோம் என்று சொல்லி உள்ளே போனேன். உரத்த சத்தமாய் ஜெபித்தோம், பாடினோம், கைதட்டினோம். அந்தத் தாயார் திடுக்கிட்டு விழித்து, எங்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நாங்களும் ஊழியம் செய்த சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினோம்.

அவர்களோ அன்று விடியும்வரை தூங்கவில்லை. அது மட்டுமா? தூக்கம் வரவில்லையென்றால் விசுவாசம் குறைவோ, ஏதாவது அறிக்கை செய்யாத பாவம் இருக்குதோ என்று நான் போகிற போக்கில் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன்! அந்த வார்த்தையை நினைத்து நினைத்து அவர்கள் அழுதார்கள் என்று பிறகுதான் மகள் சொன்னாள். அன்று ஆண்டவர் என்னை உணர்த்தினார். அதற்குப் பிறகு நைட்டிங்கேல் அம்மையாரைப் பற்றி வாசித்தபோது, 160 வருஷத்துக்கு முன்னாலேயே அவர் எனக்காகவே எழுதி வைத்ததுபோல இருந்தது.

பணக்கார வீட்டுப் பெண்ணுக்கு வந்த அழைப்பு

அவர் 1820-ம் வருஷம் மே மாதம் 12-ம் தேதி இத்தாலி தேசத்தில் பிளாரன்ஸ் பட்டணத்தில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரையே பிள்ளைக்கு வைத்தார்கள். தகப்பனார் வில்லியம் எட்வர்ட் நைட்டிங்கேல் இங்கிலாந்தில் பெரிய சொத்துக்காரர். வீட்டில் வேலைக்காரர், வண்டி, விருந்து, எல்லாம் உண்டு. தகப்பனாரே மகள்களுக்குக் கிரேக்கு, லத்தீன், சரித்திரம் எல்லாம் கற்பித்தார்.

1837-ம் வருஷம் பிப்ரவரி 7-ம் தேதி, பதினாறு வயதில், எம்ப்ளி என்ற இடத்திலிருந்த தங்கள் வீட்டில், தேவன் தன்னைத் தம்முடைய ஊழியத்துக்கு அழைத்தார் என்று அவர் குறித்து வைத்தார். அந்தத் தேதியை ஆயுள் முழுவதும் மறக்கவில்லை. நம்முடைய உபதேசம் எல்லாவற்றிலும் அவர் நம்மோடு ஒத்துப்போகிறவர் அல்ல. ஆனாலும் அழைப்பு என்பது இன்னதென்று அறிந்தவர்.

என்ன ஊழியம் என்று விளங்கவே பல வருஷம் ஆயிற்று. 1845-ல் சால்ஸ்பரி ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பழக வேண்டும் என்று கேட்டபோது வீட்டில் புயல் அடித்தது. அந்தக் காலத்தில் நர்ஸ் வேலைக்கு வருகிறவர்கள் குடிக்கிறவர்கள், ஒழுக்கமில்லாதவர்கள் என்று பெயர். நம் வீட்டுப் பெண்ணா அங்கே போவது என்றார்கள். நல்ல வரன் ஒன்று வந்தது, அதையும் அவர் வேண்டாமென்று சொல்லிவிட்டார். கடைசியில் 1851-ல் ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்ற இடத்துக்குப் போய் மூன்று மாதம் பயிற்சி பெற்றார். அது போதகர் தியோடர் ஃப்ளீட்னர் 1836-ல் ஏழைகளுக்காகவும் வியாதியஸ்தருக்காகவும் ஆரம்பித்த ஊழியம். பாருங்கள், உலகம் புகழும் நர்ஸ் ஒரு போதகருடைய ஸ்தாபனத்தில்தான் பாடம் கற்றார்! 1853-ல் லண்டன் பட்டணத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரிக்குக் கண்காணிப்பாளர் ஆனார்.

நாலு மைல் கட்டில் வரிசை

அப்போது கிரிமியா யுத்தம் மூண்டது. காயம்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய்கள் கவனிப்பாரில்லாமல் சாகிறார்கள் என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. யுத்த மந்திரி சிட்னி ஹெர்பர்ட் இந்த அம்மையாரை அழைத்தார். 1854 அக்டோபர் 21-ம் தேதி 38 நர்ஸ்களோடு புறப்பட்டு, நவம்பர் 4-ம் தேதி துருக்கியில் ஸ்கூட்டாரி என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். மறுநாளே இங்கர்மன் யுத்தம். கப்பல் கப்பலாகக் காயம்பட்டவர்கள் வந்து இறங்கினார்கள்.

அந்த ஆஸ்பத்திரி முதலில் படைவீரர் குடியிருப்பாக இருந்த பெரிய கட்டடம். கட்டடத்துக்கு அடியிலேயே சாக்கடை. எலி, பேன், நாற்றம். கட்டில் வரிசைகளின் நீளம் நாலு மைல் என்று அம்மையார் கணக்கிட்டார். இராத்திரி எட்டு மணிக்குமேல் வேறு எந்தப் பெண்ணும் வார்டுக்குள் போகக்கூடாது என்று கட்டளை போட்டிருந்தார். அவர் மட்டும் விளக்கை எடுத்துக்கொண்டு நடந்து போவார். படங்களில் போடுகிற மாதிரி மூக்கு நீண்ட எண்ணெய் விளக்கு அல்ல அது. துருக்கியர் புழங்கின மடக்கு விளக்கு, உள்ளே ஒரு மெழுகுவர்த்தி. வெளிச்சம் கண்ணைக் கூசாது. வலியினால் தூங்காமல் கிடக்கிறவன் அந்த நிழல் தன் தலையணையில் விழுகிறதைப் பார்த்து ஆறுதலடைவான் என்று ஒரு சிப்பாய் வீட்டுக்கு எழுதின கடிதத்திலிருந்து தெரிகிறது.

ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். 1855 பிப்ரவரியில் அங்கே சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 42 பேர் செத்தார்கள். மார்ச் மாதம் அரசாங்கம் அனுப்பின சுகாதாரக் குழு வந்து சாக்கடையைச் சுத்தப்படுத்தி, காற்று வர வழி செய்த பிறகுதான் சாவு குறைந்தது. ஜூன் மாதம் அது நூற்றுக்கு இரண்டு பேர் அளவுக்கு இறங்கிவிட்டது. இந்தக் கணக்கு பின்னாளில் அம்மையாருடைய இருதயத்தைக் குத்திக்கொண்டே இருந்தது.

காய்ச்சல் விட்டது, வியாதி விடவில்லை

1855 மே மாதம் அவர் கிரிமியாவில் பாலக்கிளாவா என்ற துறைமுகத்துக்குப் போனார். போன இடத்தில் கடும் காய்ச்சலில் விழுந்தார். ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். தலைமயிரைக் கத்தரித்தார்கள். இரண்டு வாரம் மரணத்துக்கும் ஜீவனுக்கும் நடுவே கிடந்தார். அப்போது அவருக்கு வயது 35. ஊருக்குத் திரும்பிப் போங்கள் என்று டாக்டர்கள் சொல்லியும் போகவில்லை. யுத்தம் முடிந்து 1856 ஆகஸ்ட் மாதம்தான், ஆரவாரம் எதுவும் வேண்டாமென்று, யாருக்கும் சொல்லாமல் வீடு வந்து சேர்ந்தார்.

வீடு வந்தால் சுகம் வந்துவிடுமா? வரவில்லை. நெஞ்சு படபடப்பு, மூச்சு வாங்குதல், சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல், முதுகெலும்பு வலி, மனச்சோர்வு, இதெல்லாவற்றோடும் கூட தூக்கமின்மை. 1857 ஆகஸ்டில் ஒரேயடியாய் விழுந்துவிட்டார். இனிமேல் பிழைக்க மாட்டார் என்றே நினைத்தார்கள். 1861 டிசம்பரில் இன்னும் மோசமானது. நடக்க முடியவில்லை. ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போக வேண்டுமானாலும் யாராவது தூக்கிக்கொண்டு போக வேண்டும். அப்படி ஏறக்குறைய ஆறு வருஷம்.

என்ன வியாதி என்று அக்காலத்து டாக்டர்களுக்குத் தெரியவில்லை. இருதயம் என்றார்கள், நரம்புத் தளர்ச்சி என்றார்கள். அவர் செத்த பிறகுகூட, எல்லாம் மனசிலேதான், வேண்டுமென்றே படுத்துக்கொண்டார் என்று எழுதினவர்கள் உண்டு. 1995-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. அவருடைய அறிகுறிகள் எல்லாம் புரூசெல்லோசிஸ் என்ற வியாதியோடு பொருந்துகிறது என்று அது காட்டியது. மால்டா காய்ச்சல் என்றும் அதைச் சொல்லுவார்கள். அந்தக் கிருமியை டேவிட் புரூஸ் என்ற ராணுவ டாக்டர் 1887-ல்தான் மால்டா தீவில் கண்டுபிடித்தார். காய்ச்சாத ஆட்டுப்பாலில் அது பரவுகிறது என்று 1905-ல்தான் தெரிந்தது. இன்றைக்கு வாரக்கணக்கில் இரண்டு மாத்திரை சேர்த்துக் கொடுத்துக் குணமாக்குகிறார்கள். அன்றைக்கு மருந்தே இல்லை. அப்படியானால் அவர் நடிக்கவில்லை, சரீரத்தில் மெய்யாகவே ஒரு கிருமி வருஷக்கணக்காக அவரை அரித்திருக்கிறது என்றுதான் இன்று பலர் எண்ணுகிறார்கள்.

தேவபிள்ளைகளே, இதை வாசிக்கும்போது என் வார்த்தை எனக்கே திரும்பி வந்தது. காரணம் தெரியாத வியாதியைப் பார்த்து, உனக்கு விசுவாசம் இல்லை என்று சொல்லுவது எவ்வளவு சுலபம்! யோபுவின் சிநேகிதர்களும் அதைத்தானே செய்தார்கள்? யோபு தன் ஏழாம் அதிகாரத்தில், படுத்தால் எப்போது விடியும் என்று புரண்டு புரண்டு கிடந்ததைச் சொல்லி அழுகிறான். அவன் பாவி என்றா தேவன் சொன்னார்? இல்லையே!

படுக்கையிலிருந்து எழுதின புத்தகம்

இப்போது முக்கியமான காரியத்துக்கு வருகிறேன். இந்த வியாதிப் படுக்கையிலிருந்துதான் அவர் நோயாளியைப் பராமரிப்பதைப் பற்றி ஒரு சிறிய புத்தகம் எழுதினார். 1860 பிறக்கிற சமயத்தில் அது வெளிவந்தது. பெரிய டாக்டர்களுக்காக எழுதினது அல்ல. வீட்டில் வியாதியஸ்தரைக் கவனிக்கிற தாய்மாருக்கும் சகோதரிகளுக்கும் எழுதினது. அதில் சத்தத்தைப் பற்றியே ஒரு அதிகாரம் இருக்கிறது!

அதில் அவர் சொல்லும் கருத்து இது. தூங்குகிற நோயாளியை வேண்டுமென்றோ தெரியாமலோ எழுப்பக்கூடாது, நல்ல பராமரிப்புக்கு அதுதான் முதல் படி. தூக்கம் பிடித்த சில நிமிஷத்தில் எழுப்பிவிட்டால் அவருக்கு மறுபடி தூக்கம் வராது. சில மணி நேரம் தூங்கின பிறகு விழித்தால், மறுபடி தூங்கிவிடுவார். ஏன்? வலி வலியை வளர்க்கும், மூளையின் கொதிப்பும் அப்படியே. கொஞ்ச நேரத் தூக்கம் அந்தச் சங்கிலியை அறுக்கிறது. தூக்கத்தைக் கெடுத்தால் அந்தத் தூக்கம் மட்டுமல்ல, தூங்குகிற பெலனே போய்விடுகிறது என்கிறார்.

சத்தத்தைப் பற்றியும் நுட்பமாகச் சொல்லுகிறார். பெரிய சத்தம் என்பதைவிட, என்னமோ ஏதோ என்று மனசை எதிர்பார்க்க வைக்கிற சத்தம்தான் நோயாளியை வாட்டும். அறைக்குள்ளேயே குசுகுசுவென்று பேசுவது, கதவுக்கு வெளியே டாக்டரும் சொந்தக்காரரும் மெதுவாய்ப் பேசுவது, இதெல்லாம் கொடுமை. தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவர் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பார். கட்டிலில் சாய்வது, இடிப்பது, உடை சரசரவென்று சத்தம் போட நடப்பது, அவசரமும் பரபரப்புமாய் வருவது, எதுவும் கூடாது என்கிறார். வேலை செய்து களைப்பதைவிட, பயமும் சந்தேகமும் காத்திருப்பதும் நோயாளியை அதிகமாய்க் கெடுக்கும் என்கிறார்.

நம்ம ஊர் வழக்கத்துக்கு ஒரு வார்த்தையும் இருக்கிறது. சாயந்தரம் ஐந்து மணிக்கு மேல் நோயாளிக்கு டீயோ காப்பியோ கொடுக்காதே என்கிறார். இராத்திரி முன்பகுதியில் தூக்கம் வராதது மனசின் கிளர்ச்சியினால், அதை டீயும் காப்பியும் அதிகமாக்கும். விடியற்காலம்வரை நீளுகிற தூக்கமின்மையோ பல தடவை களைப்பினால் வருவது, அதற்குச் சூடாய்க் கொஞ்சம் டீ கொடுத்தால் ஆறுதலாயிருக்கும் என்று அவர் கண்டார். நாம் பார்க்கப் போகும்போது பிளாஸ்க் நிறையக் காப்பி கொண்டுபோய் இராத்திரி எட்டு மணிக்கு ஊற்றிக் கொடுக்கிறோமே!

இன்னொன்று. வியாதியஸ்தரிடம் போய், உங்களுக்கு ஒண்ணுமில்ல, நாளைக்கே எழும்பிடுவீங்க என்று வாய்க்கு வந்தபடி ஆறுதல் சொல்லுகிறவர்களையும், ஆளுக்கொரு வைத்தியம் சொல்லுகிறவர்களையும் அவர் ஒரு தனி அதிகாரத்தில் கண்டிக்கிறார். தன் நிலைமை தனக்குத் தெரிந்திருக்கிற நோயாளிக்கு அந்தப் பேச்சு தனிமையைத்தான் கூட்டும். நம்மைப் போன்ற ஊழியர்கள் இதை இரண்டு தரம் வாசிக்க வேண்டும்.

அவர் செய்யத் தவறினது

பிறருடைய தூக்கத்தைக் காத்தவர் தன் தூக்கத்தைக் காத்தாரா? இல்லை. யுத்தத்திலிருந்து வந்ததும் இராப்பகலாக எழுதினார். சாவுக் கணக்கை எடுத்து, வில்லியம் ஃபார் என்ற புள்ளிவிவர நிபுணரோடு ஆராய்ந்தபோது, காயத்தினால் செத்தவர்களைவிட, தடுத்திருக்கக்கூடிய வியாதியினால் செத்தவர்களே அதிகம் என்று தெரிய வந்தது. தன் கண் முன்னாலே, தன் ஆஸ்பத்திரியிலே! அந்தப் பாரம் அவரை விடவில்லை. 800 பக்கத்துக்கு மேற்பட்ட அறிக்கை ஒன்றை எழுதி முடித்தார். அந்த வேலை நடந்த 1857-ல்தான் ஒரேயடியாய் விழுந்தார்.

தன்னை மட்டுமா விரட்டினார்? தன்னோடு வேலை செய்தவர்களையும் விரட்டினார். சிட்னி ஹெர்பர்ட் சிறுநீரக வியாதியினால் நலிந்து, இனி முடியாது என்று சொன்னபோதும், வேலையை விடக்கூடாது என்று நெருக்கினார். 1861 ஆகஸ்ட் 2-ம் தேதி ஹெர்பர்ட் இறந்துபோனார். அதே வருஷம் நவம்பரில் அவருக்கு உதவியாயிருந்த கவிஞர் ஆர்தர் கிளஃப் இறந்தார். அடுத்த மாதம் அம்மையார் நடக்க முடியாமல் படுத்தார். வியாதியஸ்தருக்கு இளைப்பாறுதல் வேண்டும் என்று உலகத்துக்கே கற்பித்தவர், தன் பக்கத்தில் இருந்த வியாதியஸ்தரைப் பார்க்கத் தவறினார். பரிசுத்தவான்களின் குறைகளை வேதம் மறைக்கவில்லை, நாமும் மறைக்க வேண்டாம்.

1866-ல் முதுகுவலி தாங்க முடியாமல் போனபோது, அக்காலத்தில் புதிதாய் வந்த முறைப்படி தோலுக்குக் கீழே அபின் ஊசி போட்டார்கள். ஒரு நாள் வலி அடங்கும், ஆனால் புத்தி மந்தமாகிறது என்று அவரே தெரிவித்தார். மருந்தைத் தள்ளவும் இல்லை, அதுவே கதி என்று விழவும் இல்லை.

தனிமையில் பென்சிலால் எழுதி வைத்த குறிப்புகளில் ஒன்றில் அவர் தன் பாவத்தை ஆண்டவரிடம் அறிக்கையிடுகிறார். என்ன பாவம்? உலகத்தை நடத்துகிற வேலையைத் தேவனுடைய கையிலிருந்து தான் பிடுங்கிக்கொள்ளப் பார்ப்பதாகச் சொல்லுகிறார்! பிரியமானவர்களே, தூக்கம் வராத இரவில் நாம் செய்வதும் அதுதானே? கடன், பிள்ளைகள் காரியம், ஆஸ்பத்திரி பில், சபைக் காரியம், எல்லாவற்றையும் நம் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு புரளுகிறோம். 127-ம் சங்கீதம் அதைக் குறித்துத்தான் பேசுகிறது. ஆனால் கவனியுங்கள். கவலையினால் வரும் தூக்கமின்மை உண்டு, கிருமியினால் வலியினால் வரும் தூக்கமின்மையும் உண்டு. அம்மையாருக்கு இரண்டும் இருந்தது. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறுக்கக்கூடாது.

இன்றைக்கு டாக்டர்கள் சொல்லுவது

வெகு காலம் டாக்டர்களே, மூல வியாதியைக் குணப்படுத்து, தூக்கம் தானாய் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2005-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டின நிபுணர் மாநாடு அந்த எண்ணத்தை மாற்றியது. தூக்கமின்மை வியாதியின் வால் அல்ல, வியாதியோடு கூடவே இருக்கிற இன்னொரு வியாதி, அதற்கும் தனியாய்ச் சிகிச்சை வேண்டும் என்றார்கள். வலி தூக்கத்தைக் கெடுக்கிறது, தூக்கமின்மை வலியைக் கூட்டுகிறது. இது இரண்டு பக்கமும் ஓடுகிற காரியம். அம்மையார் கட்டிலில் இருந்து கண்டதை இவர்கள் ஆய்வு செய்து கண்டார்கள்!

இருதயம் பெலவீனப்பட்டவர்களுக்கு மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். சர்க்கரை வியாதிக்காரர் சிறுநீர் கழிக்க இராத்திரி பல தரம் எழும்புவார்கள். சிறுநீரகம் கெட்டவர்களுக்குக் கால் இழுப்பும் அரிப்பும் உண்டு. ஆஸ்துமா, மூட்டுவாதம், புற்றுநோய், எல்லாவற்றிலும் இரவு ஒரு போராட்டம். சில மருந்துகளே தூக்கத்தைக் கெடுக்கும். நீர் பிரிகிற மாத்திரையைச் சாயந்தரம் போட்டால் இராத்திரி எப்படித் தூங்குவது? ஸ்டீராய்டு மாத்திரையும் அப்படியே. ஆகவே டாக்டரிடம் போகும்போது தூக்கம் வரவில்லை என்பதையும் வாய் திறந்து சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம், நேரம் மாற்றவும் வேண்டாம், பக்கத்து வீட்டார் போடுகிற தூக்க மாத்திரையை வாங்கிப் போடவும் வேண்டாம். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால், படுக்கிற பழக்கத்தையும் தூக்கத்தைப் பற்றின பயத்தையும் மாற்றப் பழக்குகிற சிகிச்சையைக் கொடுக்க வேண்டும் என்று 2016-ல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி ஆலோசனை சொல்லியிருக்கிறது.

நித்திரையில் முடிந்த ஓட்டம்

அந்தப் படுக்கையில் கிடந்தே அம்மையார் செய்த வேலைகளைப் பாருங்கள். 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிப் பள்ளி அவர் பெயரில் ஆரம்பமானது. இந்தியாவுக்கு ஒரு தரமும் வரவில்லை, ஆனாலும் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையின் சுகாதாரத்தைப் பற்றி விசாரித்த கமிஷனுக்கு அவர்தான் முதுகெலும்பு. 1863-ல் அறிக்கை வந்தபோது ஆயிரம் சிப்பாய்களுக்கு 69 பேர் வருஷந்தோறும் செத்துக்கொண்டிருந்தார்கள். பத்து வருஷத்தில் அது 18 ஆகக் குறைந்தது என்று அவர் எழுதினார். நம்முடைய சென்னை மாகாணத்தை வாட்டின தாது வருஷப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை நடந்தபோது, லண்டனில் தன் அறையிலிருந்தே நம் ஏழைக் குடியானவர்களுக்காகவும் நீர்ப்பாசனத்துக்காகவும் எழுதினார். நம் முப்பாட்டன்மாருக்காக ஒரு வியாதிக்காரி கவலைப்பட்டார்!

1880-க்குப் பிறகு மெல்ல மெல்ல வேதனை தணிந்தது. சரீரம் தேறியது, சுபாவமும் சாந்தமானது. கடைசி வருஷங்களில் பார்வை போயிற்று. 1907-ல் ராஜா ஆர்டர் ஆஃப் மெரிட் என்ற பெரிய விருதைக் கொடுத்தார். அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். 37 வயதில் பிழைக்கமாட்டார் என்று நினைத்தவர் இன்னும் 53 வருஷம் வாழ்ந்தார்.

1910-ம் வருஷம் ஆகஸ்ட் 13-ம் தேதி, 90-ம் வயதில், லண்டன் சவுத் ஸ்ட்ரீட்டிலிருந்த தன் வீட்டில் அவர் இறந்தார். எப்படி இறந்தார் தெரியுமா? தூக்கத்திலே! எத்தனையோ இரவுகள் தூக்கத்துக்காக ஏங்கினவரை ஆண்டவர் நித்திரையிலேயே எடுத்துக்கொண்டார். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் பண்ண அழைப்பு வந்தது, குடும்பத்தார் ஏற்கவில்லை. ஈஸ்ட் வெலோ என்ற கிராமத்துக் கோவில் வளாகத்தில், பெயர்கூட முழுதாய் எழுதாமல், முதலெழுத்துக்களும் பிறந்த தேதியும் இறந்த தேதியும் மட்டும் பொறித்த கல்லின் அடியில் இளைப்பாறுகிறார்.

நாம் செய்ய வேண்டியது

எலியா சூரைச்செடியின் கீழே படுத்துத் தூங்கினானே, அப்போது தேவதூதன் வந்து பிரசங்கமா பண்ணினான்? அப்பமும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் படுக்க விட்டான். லாசரு தூங்குகிறான் என்று இயேசு சொன்னபோது, தூங்கினால் சுகமாவானே என்று சீஷர்கள் சொன்னார்கள். அந்த மீன்பிடிக்கிறவர்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போயிற்றே!

நம் சபையில் வியாதியஸ்தரைச் சந்திக்கிற ஜெபக் குழுவுக்கு நாங்கள் இப்போது சில காரியங்களைத் தீர்மானித்திருக்கிறோம். போவதற்கு முன் வீட்டாரைக் கேட்டுவிட்டுப் போவது. இராத்திரி ஏழு மணிக்குமேல் போவதில்லை. இரண்டு பேருக்குமேல் உள்ளே போவதில்லை. தூங்கினால் எழுப்புவதில்லை. பக்கத்துக் கட்டிலில் இருக்கிறவரும் வியாதியஸ்தர்தான் என்று நினைத்துச் சத்தத்தை அடக்குவது. ஆலயத்தில் கெம்பீரமாய்த் துதிப்போம், அதற்குத் தடையில்லை. ஆனால் அன்னாளின் உதடு மட்டும் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை, அந்த ஜெபத்தைத் தேவன் கேட்கவில்லையா? இன்னொரு காரியம், இராத்திரி முழுவதும் விழித்துப் பார்த்துக்கொள்ளுகிற மகளோ மனைவியோ இருப்பார்கள். அவர்களைத் தூங்க வீட்டுக்கு அனுப்பிவிட்டு நம்மில் ஒருவர் அங்கே உட்காரலாமே! அதுவும் முழு இரவு ஜெபந்தான்.

பிறகு நான் அந்தத் தாயாரிடம் தனியாய்ப் போனேன். அம்மா, அன்னிக்கு நான் சொன்னது தப்பு, மன்னிச்சுக்குங்க என்று சொன்னேன். அவர்கள் சிரித்துக்கொண்டு, அரிப்புக்கும் கால் இழுப்புக்கும் டாக்டர் மருந்து மாத்திக் கொடுத்திருக்கார் ஐயா, நேத்து நாலு மணி நேரம் தூங்கினேன் என்றார்கள். நாலு மணி நேரம்! அதற்காக அன்று நாங்கள் ஸ்தோத்திரம் பண்ணினோம், மெதுவாக. அடுத்த முறை போனபோது தூங்கிக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்று மனசுக்குள் ஜெபித்துவிட்டு, வந்து போனதாக மகளிடம் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது வியாதியோடு தூக்கமில்லாமல் போராடிக்கொண்டிருந்தால், உங்களைக் குற்றப்படுத்திக்கொள்ளாதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள், எங்களுக்கும் சொல்லுங்கள். இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்காதவர், அவர் உங்களோடு விழித்திருக்கிறார். கர்த்தர்தாமே உங்களுக்கு இளைப்பாறுதலைத் தந்து ஆசீர்வதிப்பாராக. ஆமென்.